400 ரூபாய் பறவை, 4,000 ரூபாய் பில்: வீட்டுப் பறவை விஷப் பொருளைக் கடிச்சுட்டா என்ன செய்யணும்?



எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நம்ம சேனல்ல நிறையவே பேசியிருக்கோம். வேலை போனா ஆறு மாசச் செலவு, ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகை, வண்டி ரிப்பேருக்கு ஒரு தொகைன்னு எல்லாத்துக்கும் கணக்குப் போடுறோம். ஆனா வீட்டு வராண்டாவுல தொங்குற கூண்டுக்குள்ள ஒரு ஜீவன் இருக்கே, அதுக்குன்னு யாரும் ஒரு ரூபாய் ஒதுக்குறதில்லை. கேட்டா, "ஜோடியே 400 ரூபாய்க்குத்தாங்க வாங்கினோம்"னு பதில் வரும்.

இன்னிக்கு அந்தப் பதிலைத்தான் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கப் போறோம். பாதி பணம் பத்தி, பாதி முதலுதவி பத்தி. இந்த விஷயத்துல ரெண்டையும் தனித்தனியா பேச முடியாது.

உங்கள்ல பல பேரோட நிலைமை இப்படித்தான் இருக்கும். வேலை சென்னையிலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் மாதிரி ஒரு ஊர். ஆசைப்பட்டு வாங்கின லவ் பேர்ட்ஸோ காக்டெய்லோ ரூம்ல வெச்சுக்க முடியாம ஊருக்குப் போயிடுச்சு. அப்பா அம்மாதான் பார்த்துக்குறாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வருது: "டேய், உன் குருவி எதையோ கடிச்சிருக்கு, ஒரு மாதிரி உப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு." அந்த நேரத்துல என்ன சொல்வீங்க? யாருக்குப் போன் பண்ணுவீங்க? எவ்வளவு செலவு பண்ணுவீங்க? இந்த மூணுக்கும் பதில் இன்னிக்கே தெரிஞ்சிருந்தாத்தான் அன்னிக்கு உதவும்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு சின்னக் கணக்கு

நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்குறதுல பெரும்பாலானவை உண்மையில பட்ஜரிகர். அதோட எடை சுமார் 30 முதல் 40 கிராம். காக்டெய்ல் 80, 90 கிராம் வரும்.

35 கிராம் பறவையையும் 70 கிலோ மனுஷனையும் ஒப்பிட்டா 2,000 மடங்கு வித்தியாசம். பறவை ஒரே ஒரு கிராம் தின்னா, எடைக் கணக்குல நீங்க 2 கிலோ தின்ன மாதிரி. "கொஞ்சூண்டு தானே கடிச்சுது"ன்னு நாம சொல்ற கொஞ்சூண்டு, அதுக்குக் கொஞ்சூண்டு இல்லை.

இன்னொரு விஷயம், பறவைங்க நோயை மறைக்கும். காட்டுல பலவீனமாத் தெரியுற பறவையைத்தான் வேட்டையாடுற மிருகம் முதல்ல குறிவைக்கும். அதனால முடியுற வரைக்கும் நல்லா இருக்குற மாதிரியே உட்கார்ந்திருக்கும். நம்ம கண்ணுக்கு உடம்பு சரியில்லாதது தெரியும்போது நோய் ஏற்கெனவே முத்தியிருக்கும். "நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்"ங்கிற முடிவுதான் இதுல ரொம்ப காஸ்ட்லியான முடிவு.

நம்ம வீட்டுல என்னென்ன ஆபத்து?

வெளிநாட்டு லிஸ்டைப் பார்த்தா அவகாடோ, சாக்லேட்னு இருக்கும். அதுவும் உண்மைதான். பட்டர் ஃப்ரூட்னு நாம சொல்ற அவகாடோவுல பெர்சின்னு ஒரு பொருள் இருக்கு. அது பறவையோட இதயத்தைப் பாதிக்கும். பழம், இலை, கொட்டை எதுவுமே கொடுக்கக் கூடாது. சாக்லேட், காபித்தூள், மது, உப்பு அதிகமான மிக்ஸர், வெங்காயம், பூண்டு இதெல்லாமும் வேண்டாம். ஆனா கீழ்பென்னாத்தூர் பக்கத்து வீட்டுக்கு வேற ஒரு லிஸ்ட் வேணும்.

*1. பூசணம் பிடிச்ச மல்லாட்டை.* நம்ம மாவட்டத்துல ஆடிப்பட்டம், மார்கழிப்பட்டம்னு மல்லாட்டை இல்லாத வீடே கிடையாது. மூட்டையில இருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கிளிக்குப் போடுறது நமக்குச் சாதாரணம். இந்த வேர்க்கடலையை வெச்சுத்தான் உலகத்துக்கே ஒரு பெரிய பாடம் கிடைச்சுது. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் திடீர்னு செத்துப்போச்சு. காரணம் புரியாம அதுக்கு "டர்க்கி எக்ஸ்" நோய்னு பேர் வெச்சாங்க. தேடிப் பார்த்தப்போ, பிரேசில்ல இருந்து தீவனத்துக்கு வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்குல ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருந்தது தெரிஞ்சுது. அது உண்டாக்குற நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின்னு பேர். கல்லீரலைக் கெடுக்கும். சாதாரணமா வறுத்தா முழுசாப் போகாது. அதனால சுருங்கினது, நிறம் மாறினது, ஈரவாடை அடிக்கிறது எதையும் "குருவிக்குத்தானே"ன்னு போடாதீங்க. உங்க தட்டுல வைக்க மாட்டீங்கன்னா அதுக்கும் வேண்டாம்.

*2. விதை மல்லாட்டை.* விதைப்புக்காக மருந்து கலந்து விதை நேர்த்தி செஞ்ச பருப்பு. கார்பென்டாசிம், மேன்கோசெப் மாதிரி பூஞ்சாணக் கொல்லி ஒட்டியிருக்கும். விதைச்சது போக மிச்சம் இருக்குற பருப்பு வராண்டா மூலையில ஒரு டப்பாவுல கிடக்கும். பறவைக்கு மட்டும் இல்லை, குழந்தைக்கும் ஆபத்து. தனியா, பேர் எழுதி, பூட்டி வைக்கணும்.

*3. அரளி.* பூஜைக்காக வாசல்லயே வளர்க்கிறோம். செவ்வரளி, மஞ்சள் அரளி ரெண்டுலயும் இலை, பூ, விதை, பட்டை எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கிற நஞ்சு. ஆமணக்கு விதை, குன்றிமணி, ஊமத்தை, எருக்கு இதெல்லாமும் இதே லிஸ்ட்தான். பறவை கொத்தி விளையாடட்டும்னு கூண்டுக்குள்ள குச்சி வைக்கிறவங்க அரளிக் குச்சியை வெச்சுடாதீங்க. வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி போதும். ஆனா மருந்து அடிக்காத மரமா இருக்கணும். மணி பிளான்ட் இலையும் வாயை எரிச்சல்படுத்தி வீங்க வைக்கும்.

*4. கூண்டே விஷமாகுறது.* இது பல பேருக்குத் தெரியாது. மலிவான ஜி.ஐ. கம்பிக் கூண்டு மேல துத்தநாகப் பூச்சு இருக்கும். கிளி இனத்துக்கு அலகுதான் மூணாவது கை. கம்பியைக் கடிச்சுத்தான் ஏறும். அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சு வயித்துக்குள்ள போகும். புதுக் கூண்டா இருந்தா, வெள்ளையாப் பொடி மாதிரி இருக்குறதை வினிகர் தொட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லாக் கழுவி, வெயில்ல காய வெச்சு அப்புறம் பயன்படுத்தணும். ஆபத்து குறையும், முழுசாப் போகாது. ஜன்னல் கிரில்ல இருக்குற பழைய பெயின்ட், சால்டர் வெச்ச கம்பி, தூண்டில் குண்டு இதுலயெல்லாம் காரீயம், அதாவது லெட் இருக்கலாம். வீட்டு பெயின்ட்ல லெட் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாதுன்னு இந்தியாவுல விதி வந்தது 2016-ல; நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. உங்க வீட்டு கிரில்லுக்கு அதுக்கு முன்னாடியே பெயின்ட் அடிச்சிருந்தா, அது அலகுக்கு எட்டக் கூடாது.

*5. கடிக்காமலே வர்ற விஷம்.* நான்ஸ்டிக் தவாவை அடுப்புல வெச்சு மறந்துட்டா, அளவுக்கு மீறிக் காய்ஞ்சு அதோட பூச்சுல இருந்து புகை வரும். நமக்குத் தலைவலியோட போகலாம். அதே வீட்டுல இருக்குற பறவை சில நிமிஷத்துலயே செத்துப்போகலாம். பறவையோட மூச்சு நம்மளோடது மாதிரி இல்லை. நுரையீரலோட காற்றுப் பைகளும் சேர்ந்து, காத்துல இருக்குறதை நம்மளைவிட வேகமா உள்ள இழுக்கும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்கள்ல விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரிப் பறவையை வெச்சிருந்ததுக்குக் காரணமும் இதுதான். 1986-லதான் அதைக் கைவிட்டு எலக்ட்ரானிக் கருவிக்கு மாற முடிவெடுத்தாங்க. கொசுவர்த்தி, பூச்சி மருந்து ஸ்ப்ரே, பாச்சை உருண்டை, போகிப் புகை எல்லாத்தையும் கூண்டுக்குத் தூரமா வைங்க.

முதல் ஒரு மணி நேரம்: என்ன செய்யணும்?

இந்தப் பகுதியை அப்படியே அப்பா அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க.

ஒண்ணு, பொருளை எடுங்க. கூண்டுல, தரையில மிச்சம் இருக்குறதை அகற்றுங்க. அலகு வெளியில தெரியுற துண்டு இருந்தா மட்டும் மெதுவா எடுங்க. தொண்டைக்குள்ள விரலை விடாதீங்க. புகைன்னா, முதல் வேலையா பறவையைத் திறந்த காத்துக்குக் கொண்டு போங்க.

ரெண்டு, எதையும் ஊத்தாதீங்க. இதுதான் ரொம்ப முக்கியம். உப்புத்தண்ணி, மஞ்சத்தண்ணி, மோர், பால், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் முயற்சி பண்ணாதீங்க. பறவைக்கு மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு. நீங்க ஊத்துறது வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போனா, விஷம் கொல்லாத பறவையை வைத்தியம் கொன்னுடும். அடுப்புக்கரியை இடிச்சுக் கொடுக்கிறதும் தப்பு. டாக்டர் தர்ற ஆக்டிவேட்டட் சார்க்கோல் வேற, நம்ம வீட்டுக் கரி வேற.

மூணு, அமைதியா வைங்க. ஓட்டை போட்ட ஷூ பெட்டி போதும். உள்ளே பருத்தித் துணி, அது மேல வெள்ளைத் தாள். கொஞ்சம் இருட்டு, சத்தம் இல்லாத இடம். மார்கழிக் குளிர்னா, வெதுவெதுப்பான தண்ணி பாட்டிலைத் துணியில சுத்திப் பெட்டிக்குள்ள ஒரு ஓரமா வைங்க. சூடு போதும்னா பறவை நகர்ந்துக்க இடம் இருக்கணும். சுமார் 30 டிகிரி போதும். சித்திரை வெயில்னா சூடே வேண்டாம், நிழலும் காத்தும்தான் வேணும். கையில பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீங்க. பறவைக்கு நமக்கு மாதிரி உதரவிதானம் கிடையாது. நெஞ்சு அசைஞ்சாத்தான் மூச்சு.

நாலு, சாட்சி சேருங்க. கடிச்ச பொருளோட மிச்சம், அதோட டப்பா லேபிள், நேரம், பறவையோட எடை, எச்சத்தோட போட்டோ. வெள்ளைத் தாள் போடச் சொன்னது எச்சத்தோட நிறம் தெரியத்தான். ஒரே கூண்டுல வேற பறவை இருந்தா அதையும் தனியா வெச்சுக் கவனிங்க.

அஞ்சு, கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. "குருவி ஒரு மாதிரி இருக்கு டாக்டர்"னு ஆரம்பிச்சா நேரம்தான் போகும். இப்படிச் சொல்லுங்க: "டாக்டர், ஒன்றரை வயசு காக்டெய்ல், 90 கிராம். சாயங்காலம் 5 மணிக்கு அரளி இலையைக் கடிச்சிருக்கு, கால் இலை அளவு காணோம். ஒரு தடவை வாந்தி. இப்போ கூண்டு அடியில உட்கார்ந்திருக்கு. இலையை எடுத்து வெச்சிருக்கோம்." முப்பது செகண்ட்ல அவருக்குத் தேவையானது எல்லாமே கிடைச்சுடும்.

இறகை உப்பிக்கிட்டு உட்கார்றது, கம்பியில நிக்க முடியாம அடியில இறங்குறது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுறது, வாந்தி, பச்சையா தண்ணி மாதிரி எச்சம், எச்சத்துல ரத்தம், வலிப்பு. இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஒண்ணுமே இல்லாட்டியும் போன் பண்ணுங்க. துத்தநாகம், காரீயம், எலி மருந்து இதெல்லாம் சில நாள் கழிச்சுக்கூட வேலையைக் காட்டும்.

எங்கே போறது?

கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்ல கால்நடை மருத்துவர்னா பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான் பார்ப்பாங்க. "அவருக்குக் கிளி பத்தித் தெரியுமா"ன்னு யோசிச்சுத் தயங்காதீங்க. கோழியும் பறவைதான். முதல் கட்டமா நிலைப்படுத்தவும், அடுத்து யார்கிட்ட போகணும்னு சொல்லவும் பக்கத்துல இருக்குற அரசு கால்நடை மருத்துவரே சரியான ஆள். 1962-ங்கிற கால்நடை உதவி எண் முக்கியமா ஆடு மாடுகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திக்குத்தான். ஆனாலும் யாரைப் பார்க்கலாம்னு கேட்டுப் பார்க்கலாம்.

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை வேணும்னா பெரிய இடம்தான். சென்னை வேப்பேரியில இருக்குற, 1903-ல தொடங்கின மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி எல்லாருக்கும் தெரியும். ஆனா கீழ்பென்னாத்தூர்ல இருந்து பார்த்தா செஞ்சி, திண்டிவனம் வழியா சென்னை போறதைவிடப் புதுச்சேரி பக்கம். அங்கே குரும்பாபேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எந்த நேரத்துல பறவை பார்ப்பாங்கன்னு ஒரு சாதாரண நாள்லயே போன் பண்ணிக் கேட்டு எழுதி வெச்சுக்குங்க.

இன்னொரு விஷயம். பௌர்ணமி கிரிவலமும் கார்த்திகை தீபமும் வர்ற நாள்ல திருவண்ணாமலைக்குள்ள வண்டி எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். அந்த நாள்ல எமர்ஜென்சி வந்தா, செஞ்சி ரோட்டுப் பக்கம் போற வழியை முன்கூட்டியே யோசிச்சு வைங்க.

அங்கே டாக்டர் என்ன செய்வாங்க? உலோகம்னு சந்தேகம்னா எக்ஸ்ரேல துண்டு தெரியும். உடம்புல சேர்ந்த உலோகத்தைக் கட்டி வெளியேத்துற ஊசி இருக்கு. அதை ஒருநாளோட முடிக்க முடியாது, பல நாள் போடணும். தின்னு கொஞ்ச நேரம்தான் ஆச்சுன்னா, இரைப்பையைக் கழுவி எடுக்க முடியலாம். அஃப்ளாடாக்சினுக்கோ நான்ஸ்டிக் புகைக்கோ தனி மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜன், திரவம், சூடுன்னு உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற சிகிச்சைதான். இதைத் தெரிஞ்சுக்கிட்டா, "ஒரு ஊசி போட்டாச் சரியாயிடும்"னு எதிர்பார்த்துப் போக மாட்டீங்க.

இப்போ பணத்துக்கு வருவோம்

இதுல வர்ற எல்லா விலையும் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்குங்க.

புதுச்சேரிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். டாக்ஸி கிலோமீட்டருக்கு 14 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, போக வர 180 கிலோமீட்டருக்கு 2,520 ரூபாய். டாக்டர், எக்ஸ்ரே, மருந்துக்கு 1,500 ரூபாய்னு வெச்சா, மொத்தம் 4,020. கவனிச்சீங்களா? சின்ன ஊர்ல பெரிய செலவு டாக்டர் இல்லை, தூரம். அதனாலதான் போன் முக்கியம். ஒரு சரியான போன் கால் வீண் பயணத்தை மிச்சம் பண்ணும். இல்லைன்னா சரியான இடத்துக்கு நேரா போக வைக்கும்.

அடுத்த கேள்வி: 400 ரூபாய் பறவைக்கு 4,000 செலவு பண்றது முட்டாள்தனமா?

மிக்ஸி ரிப்பேருக்கு இந்தக் கணக்குச் சரி. ரிப்பேர் செலவு புது மிக்ஸி விலையைத் தாண்டினா, புதுசு வாங்குங்க. பறவைக்கு இந்தக் கணக்கு வேலை செய்யாது. நீங்க கொடுத்த 400 ரூபாய் எப்பவோ முடிஞ்சுபோன செலவு. இப்போ வலியில இருக்குறது ஒரு உயிர், அதைக் கூண்டுல வெச்சது நாம. 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டமும், ஒரு பிராணியைப் பொறுப்புல வெச்சிருக்கிறவங்க அதோட நலனுக்குத் தேவையானதைச் செய்யணும்னுதான் சொல்லுது.

அதுக்காக, சம்பளம் 22,000 வாங்குறவர் கடன் வாங்கி 20,000 செலவு பண்ணணும்னு நான் சொல்லலை. சொல்றது இதுதான்: உங்க வரம்பை அமைதியா இருக்குற நாள்ல முடிவு பண்ணுங்க. "முதல் டாக்டர் ஆலோசனை, வலி குறைக்கிற மருந்து, இதுல பேரம் இல்லை. அதுக்கு மேல 6,000 வரைக்கும் போவோம்"னு வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு நம்பர் சொல்லி வெச்சுக்குங்க. அந்த எல்லை வந்ததும் டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: பிழைக்க எவ்வளவு வாய்ப்பு? இன்னும் மொத்தம் எவ்வளவு ஆகும்? இதைச் செய்யலைன்னா வலி இல்லாம வெச்சுக்க வழி என்ன? கேட்கிறதுல தப்பே இல்லை. நல்ல டாக்டர் நேரடியாவே பதில் சொல்வார்.

இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேட்பீங்க. நம்ம நாட்டுல வளர்ப்புப் பிராணி பாலிசி பெரும்பாலும் நாய், பூனைக்குத்தான். அதனால பறவைக்கு நீங்கதான் இன்ஷூரன்ஸ் கம்பெனி. பிரீமியத்தை உங்களுக்கே கட்டிக்கணும்.

முதல்ல 2,000 ரூபாய் போடுங்க. மாசம் 300 சேருங்க. 14-வது மாசத்துல 6,200 ஆயிடும். அதோட நிறுத்திக்கலாம், எடுத்தா மட்டும் திரும்ப நிரப்புங்க. இது உங்க ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட்ல சேராது, தனி.

எங்கே வைக்கிறது? போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்ல திட்டம்தான், ஆனா அது 5 வருஷத்துக்கு. மூணு வருஷம் முடியுறதுக்கு முன்னாடி கணக்கை மூட முடியாது. அதனால இதுக்கு ஒத்து வராது. பங்குச்சந்தை எஸ்.ஐ.பி.யும் வேண்டாம். தனி சேமிப்புக் கணக்கு போதும். வட்டி கம்மிதான், ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு எடுக்க முடியும். கிரெடிட் கார்டு பாக்கியை அப்படியே விட்டா மாசம் 3, 3.5 சதவீதம்னு வட்டி ஏறும். 6,000 ரூபாய்க்கு மாசம் 210 ரூபாய் வரைக்கும் வட்டி மட்டுமே. அதுல இன்னொரு 90 ரூபாய் சேர்த்தா மேலே சொன்ன மாசத் தவணையே வந்துடுது.

இதுல ஒரு முக்கியமான பாயின்ட்: பணம் நீங்க இருக்குற இடத்துல இல்லை, பறவை இருக்குற இடத்துல இருக்கணும். நீங்க சென்னையில மீட்டிங்ல போனை சைலன்ட்ல போட்டிருப்பீங்க. அம்மா யூ.பி.ஐ. பயன்படுத்த மாட்டாங்க. "ஒரு குருவிக்கு எதுக்கு அவன்கிட்ட காசு கேட்டுக்கிட்டு"ன்னு தயங்கி, மஞ்சத்தண்ணி கொடுத்துட்டு விட்டுடுவாங்க. அதைத் தடுக்க, ஒரு கவர்ல 2,000 ரூபாய் போட்டு, மேல டாக்டர் நம்பரும் டாக்ஸிக்காரர் நம்பரும் எழுதி, வீட்டு பீரோவுல வைங்க. "இது குருவிக்குன்னே ஒதுக்கின பணம், என்னைக் கேட்காமலே எடுக்கலாம்"னு வாய்விட்டுச் சொல்லிடுங்க. அந்த ஒரு வார்த்தைதான் அவங்க தயக்கத்தைப் போக்கும்.

தடுக்கிறதுதான் மலிவு

ஜி.ஐ. கூண்டு 800 ரூபாய், நல்ல ஸ்டெயின்லெஸ் கூண்டு 6,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. பார்த்தவுடனே 800-தான் கண்ணுக்குத் தெரியும். ஆனா காக்டெய்ல் நல்லாப் பராமரிச்சா 15 வருஷத்துக்கு மேலயும் வாழும். 10 வருஷத்துக்கே கணக்குப் போட்டாலும் 6,000 ரூபாய் கூண்டு மாசத்துக்கு 50 ரூபாய்தான். பட்ஜெட் இடிச்சா, தரமான பவுடர் கோட்டிங் கூண்டு வாங்கி, பூச்சு உரியுதான்னு மாசம் ஒரு தடவை பாருங்க. கூண்டை அடுப்படிக்குப் பக்கத்துல இருந்து நகர்த்தி வைக்க ஒரு பைசா செலவில்லை.

சின்னப் பொருள் எவ்வளவு பெரிய பில் ஆகும்ங்கிறதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு உதாரணம் இருக்கு. மாட்டுக்கு வலி குறைக்கப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்தப்புறம் அதைத் தின்ன கழுகுகளோட சிறுநீரகத்தைக் கெடுத்துச்சு. பிணந்தின்னிக் கழுகு இனமே அழியுற நிலைமைக்குப் போச்சு. காரணம் இந்த மருந்துதான்னு 2004-ல ஆராய்ச்சி சொல்லுச்சு. 2006-ல கால்நடைக்கு அதைப் பயன்படுத்துறதை இந்தியா தடை பண்ணுச்சு. கழுகு இல்லாததால சுகாதாரம் கெட்டு, 2000 முதல் 2005 வரைக்கும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலா இறந்திருக்கலாம்னு 2024-ல அமெரிக்கன் எகனாமிக் ரிவியூல வந்த ஆய்வு கணக்குப் போட்டிருக்கு. மருந்தோட விலையில இந்தச் செலவு எதுவும் எழுதியிருக்கலை.

பச்சைக்கிளி வெச்சிருக்கீங்களா?

இதைச் சொல்லாம விட முடியாது. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டுல வளர்க்கிறது 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும், சிறை மூணு வருஷம் வரைக்கும் போகலாம். வனத்துறைக்குப் பயந்து டாக்டர்கிட்ட போகாம விட்டு, கிளி கூண்டுலயே செத்துப்போறதுதான் பல வீட்டுல நடக்குது. வாங்காதீங்க. அடிபட்டுக் கிடைச்சா வனத்துறைகிட்ட ஒப்படைங்க. பட்ஜரிகர், காக்டெய்ல் மாதிரி வெளிநாட்டு இனங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆப்பிரிக்கன் கிரே மாதிரி சர்வதேச ஒப்பந்தத்துல பட்டியலிட்ட இனங்களை 2024 விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும்.

இந்த வாரம் செய்ய வேண்டிய நாலு வேலை

1. பறவையோட எடையைக் கிச்சன் தராசுல பார்த்து எழுதி வைங்க. சும்மா இருக்குறப்போ எடை என்னன்னு தெரிஞ்சாத்தான், குறைஞ்சா தெரியும்.

2. பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருத்தர், பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு. ரெண்டு நம்பரையும் போன் பண்ணி உறுதி செஞ்சு, கூண்டுக்கு மேல ஒட்டுங்க.

3. கூண்டைச் சுத்தி மூணு அடிக்குள்ள என்னென்ன இருக்குன்னு உட்கார்ந்து பாருங்க. அரளி, விதை டப்பா, கொசுவர்த்தி, பழைய பெயின்ட், எது இருந்தாலும் அன்னிக்கே நகர்த்துங்க.

4. கவர்ல 2,000 ரூபாய். வங்கியில மாசம் 300.

இந்தக் கட்டுரை டாக்டர் ஆலோசனைக்கு மாற்று இல்லை. டாக்டர்கிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் நம்ம கையால கெடுதல் நடக்காம இருக்கணும், பணம் ஒரு தடையா நிக்கக் கூடாது, அவ்வளவுதான் இதோட நோக்கம். உங்க வீட்டுப் பறவைக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகுதுன்னு ஒரு தடவை எழுதிக் கூட்டிப் பாருங்க. உங்க ஊர்ல பறவை பார்க்கிற நல்ல டாக்டர் எந்தப் பக்கம் இருக்காங்கன்னு தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க, இன்னொருத்தர் வீட்டுப் பறவைக்கு உதவும்.